மூன்றாவது தனிமம்

அம்மா மாத்திரை டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் கைநீட்டித் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் கோபம் வரும். முதல் சொல்லைப் படித்ததுமே டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.

"லித்தியம்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"நம்ம உப்புவெளியிலேர்ந்து உறிஞ்சிட்டுப் போறானுங்களே, அதா?"

"அதேதான்."

"அதையா என் பிள்ளை வாயில போடச் சொல்றா அந்த டாக்டர்?"

உள்ளறையில் என் தம்பி நிவால்டோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கதவு திறந்தேதான் இருந்தது. கேட்டிருப்பான். கேட்டும் அசையவில்லை. அவன் அசையாமல் கிடப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் கோபம் எனக்குப் பழகிப்போன ஒன்று. அந்தக் கோபத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

எங்கள் டொகோனாவோ, உப்புவெளி ஓரத்துப் பாலைவன ஊர். அங்கே அம்மாவுக்கு 'நாற்காலி சத்துர்னினா' என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் கம்பெனி லாரிகளை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். கம்பெனிக்காரர்கள் உப்புவெளியின் அடியில் கிடக்கும் உப்புநீரை இறைத்து, கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி கட்டிக் காயவைத்து, லித்தியத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆடு மேய்ந்த ஈரநிலம் காய்ந்துபோனது. பூநாரைகள் குறைந்துபோயின. மற்றவர்கள் கொடி பிடித்தார்கள், டயர் கொளுத்தினார்கள். அம்மா சமையலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுரோட்டில் போட்டு உட்கார்ந்து காலுறை பின்னினாள். எழுந்திருக்கச் சொன்ன போலீஸ் அதிகாரியிடம், "கால் வலிக்கும்ப்பா, நீயும் ஒரு நாற்காலி கொண்டா" என்றாள். படம் பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லித்தியம் என்ற பெயரைச் சொன்னால் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

அந்த வீட்டுக்குத்தான் அந்த டப்பா வந்தது. விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

போன வசந்தத்தில் நிவால்டோ தூக்கத்தை விட்டான். பேச்சு நிற்கவில்லை, சிரிப்பு நிற்கவில்லை. சந்தோஷமாகத்தானே இருக்கிறான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஒரு விடியற்காலையில் பட்டியைத் திறந்து ஆடுகளையெல்லாம் வெளியே ஓட்டி, "போங்க, இனிமே உங்களுக்கு முதலாளி கிடையாது" என்று கத்தியபடி வெறுங்காலோடு எரிமலைப் பக்கம் நடந்து போய்விட்டான். மேலே லாமா மேய்க்கிறவர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஆடுகளில் பாதி திரும்பவேயில்லை. ஆடுதான் எங்கள் சோறு. ஆனாலும் அம்மா ஆடுகளைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு குளிர் வந்தது. அவன் படுத்துவிட்டான். மிச்ச ஆடுகள் மேயப் போயிருந்த ஒருநாள் பட்டிக்குள் அவன் தனியாக உட்கார்ந்திருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. பட்டியிலிருந்த கயிறுகளையெல்லாம் அன்றைக்கே அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, "கலாமா டவுனுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், வண்டியை எடு" என்றாள்.

டாக்டர் பரேதெஸ் தெற்கேயிருந்து வந்த பெண். என் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசினாள். மனசு இப்படி ஏறி இறங்கும் நோய்க்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கும், ஆனால் அளவு தப்பக்கூடாது, ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றாள். டப்பாவைப் படித்த அன்று ராத்திரி அம்மா அந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி நிறையக் குடிக்கணுமாம். ஊர்த் தண்ணியப் பூரா இது குடிச்சிட்டுப் போனப்புறம் எங்கேர்ந்து குடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தம்பி காதில் விழுமே என்று இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா சாதுவாகிவிட்டாள். "நீ வேலைக்குப் போ. அவன் மருந்து என் பொறுப்பு" என்றாள். நான் நம்பினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் அவ்வளவு சுலபத்தில் எழுந்திருப்பாளா என்று யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்! சான் பெத்ரோவில் சுற்றுலாக்காரர்களுக்கு நட்சத்திரம் காட்டும் வேலை எனக்கு. ஜூலை எங்கள் பக்கத்தில் குளிர்காலம்; வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் அள்ளும்.

அம்மா நிவால்டோவுக்கு மட்டும் சின்னச் சட்டியில் தனியாகச் சமைத்தாள். சோளமும் இறைச்சியும் போட்டுக் கொதிக்கவைக்கிற எங்கள் பட்டாஸ்கா கஞ்சிதான். ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகம் சுளித்தான்.

"கசக்குதும்மா."

"மூலிகை போட்டிருக்கேன். குடி."

அம்மா கொடுத்தால் அவன் குடித்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வார முடிவில் அவனுக்கு வாந்தியும் பேதியும் பிடித்தது. கை நடுங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கோ பார்த்தான். நட்சத்திரம் பார்க்கிறவர்களை ஏற்றும் வேனில் அவனைப் போட்டுக்கொண்டு கலாமாவுக்கு ஓட்டினேன். பின் இருக்கையில் அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் வாளியைப் பிடித்திருந்தாள். மலைமேட்டைத் தாண்டும்போது கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"உப்புத்தண்ணி போட்டேன்" என்றாள்.

"என்னது?"

"உப்புவெளி ஓரத்துல குழி தோண்டி எடுத்தேன். கஞ்சியில உப்புக்குப் பதிலா அதைப் போட்டேன். அதுவும் அதே சாமான்தானே? கம்பெனி கைபட்டது வேண்டாம்னு பாத்தேன். நம்ம மண்ணுலேர்ந்து நாமளே எடுத்துக் கொடுத்தா ஆகாதா?"

வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினேன். உலகத்தில் வேறு எந்த ஊர்த் தாய்க்கும் இந்த யோசனை வந்திருக்காது. எங்கள் ஊரில்தான் கொல்லையில் மண்ணைத் தோண்டினால் அந்த மருந்தின் மூலப்பொருள் ஊறி நிற்கும்.

டாக்டர் பரேதெஸ் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது. நிவால்டோவுக்குக் கையில் ஊசி ஏற்றி, ஆபத்து தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணியில லித்தியம் இருக்கிறது வாஸ்தவம்தான் அம்மா. ஆனா கூடவே பாஷாணம் இருக்கு, பேதி உப்பு இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. ஒரு கரண்டியில எது எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா சிறுநீரகம் போயிருக்கும்."

"அப்போ கம்பெனிக்காரன் சுத்தம் பண்ணிக் கொடுத்தாத்தான் அது மருந்து. நான் எடுத்தா விஷம்."

டாக்டர் அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தள்ளவில்லை. அதுவே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். நிவால்டோ உள்ளங்கையில் வாங்கினான். பிறகு தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அடுப்படியில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கசாப்பு வெட்டும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா, அப்படி. அவன் மாத்திரையை என்னிடமே நீட்டினான்.

"வேண்டாம்க்கா."

"ஏண்டா?"

"அம்மா முகத்தைப் பாத்துட்டு இதை முழுங்க முடியல. அன்னைக்கு ரோட்டுல அவ பின்னாடி கொடி பிடிச்சிட்டு நின்னவன் நான்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அம்மா இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தாலும் அவன் கண் கதவைத் தேடியது. கெஞ்சினேன், மிரட்டினேன். வேலைக்குப் போகும்போது பட்டிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே கயிறு இல்லை என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் நான் வேனைக் கிளப்பும்போது அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நிவால்டோவுக்குத் துணையாக அத்தை மகன் வந்து இருந்தான்.

"எங்கம்மா?"

"வெளியூர்க்காரங்களுக்கு என்னென்ன பொய் சொல்லிச் சம்பாதிக்கிறேன்னு பாக்கலாம்னு."

உண்மைக் காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் மூச்சு முட்டியிருக்கும். வண்டியை ரோட்டுக்கு விட்டேன்.

பொழுது சாய்ந்து முதல் நட்சத்திரங்கள் வரும்போது எங்கள் முதல் குழு தொடங்கும். முற்றத்தில் தொலைநோக்கிகள், வட்டமாக நாற்காலிகள், ஆளுக்கொரு கம்பளி, சூடான சாக்லேட். அம்மா ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கும் பிரேசில்காரர் ஒருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சாக்லேட்டில் தண்ணீர் அதிகம் என்று முணுமுணுத்தாள். நான் வழக்கம்போல வானத்து லாமாவைக் காட்டினேன். பால்வெளியில் கறுப்பாகத் தெரியும் அதன் கழுத்தை எல்லோரும் தேடினார்கள். அம்மா மட்டும் தேடவில்லை. அவளுக்கு அது பக்கத்து வீட்டு ஆடு மாதிரி.

அதன் பிறகு என் கைவசமுள்ள வித்தை ஒன்று உண்டு. மோதிரம் போட்டவர்களைக் கை தூக்கச் சொல்வேன். "உங்க விரல்ல இருக்கிற தங்கம், செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதினப்ப பொறந்தது" என்பேன். முதலில் ஹைட்ரஜன், பிறகு ஹீலியம், அப்புறம் கரி என்று வரிசை சொல்வேன். ரத்தத்தில் ஓடும் இரும்பும், பல்லில் இருக்கும் சுண்ணாம்பும், விடுகிற மூச்சில் இருக்கும் கரியும் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் அடுப்பில் வெந்தவை என்பேன். ஜோடிகள் கையைக் கோத்துக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள். நன்றாகவே போகும்.

அன்றைக்கு அந்தப் பிரேசில்காரர் கை தூக்கினார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராம்.

"ஹைட்ரஜன், ஹீலியம் சொன்னீங்க. அப்புறம் ஒரே தாவா தாவிக் கரிக்குப் போயிட்டீங்களே. மூணாவதை ஏன் விட்டீங்க?"

வாத்தியார் புத்தி எங்கே போகும்! கல்யாண வீட்டில் குடிகாரச் சித்தப்பாவின் பேரை யாரும் எடுக்காமல் இருப்பதுபோல, இத்தனை வருஷமாக அந்த மூன்றாவதை விட்டுவிட்டுத்தான் நான் கதை சொல்லி வந்தேன். ஊர் மேல் பாசம், அம்மா மேல் பயம். இப்போது அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. சால்வை மட்டும் தெரிந்தது.

"மூணாவது லித்தியம்" என்றேன்.

அம்மா துப்பவில்லை. நான் மேலே சொன்னேன்.

"பிரபஞ்சம் பொறந்த முதல் சில நிமிஷத்துல உண்டானது அந்த மூணுதான்னு வெச்சுக்கலாம். ஹைட்ரஜன் நெறைய, ஹீலியம் கொஞ்சம், லித்தியம் துளியூண்டு. அதுக்குள்ள எல்லாம் விரிஞ்சு ஆறிப்போச்சு. அடுப்பு அணைஞ்ச மாதிரி. மத்ததெல்லாம் ரொம்பக் காலம் கழிச்சு நட்சத்திரங்க வந்துதான் சமைச்சுது. ஆனா லித்தியம் மட்டும் அதுல சேராது. மத்ததை ஆக்குற அந்த நெருப்பு இதை அழிச்சிடும். நட்சத்திரத்துக்குள்ள விழுந்தா முடிஞ்சுது."

"அப்போ இங்க எப்படி வந்துச்சு?"

கேட்டது வாத்தியார் இல்லை, அம்மா. சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம், அந்த முதல்ல பொறந்ததுல எந்த நட்சத்திரத்துக்குள்ளயும் விழாம தப்பிச்சது. மீதி அப்புறம் உண்டானது. செத்த சின்ன நட்சத்திரங்க சிலதோட மேல்தோல்ல ஒரு வெடிப்பு நடக்கும். அதுல பொறந்தது உடனே வெளிய சிதறிடணும். உள்ளேயே தங்கினா வெந்து போயிடும்."

"பெரிய நெருப்புத் தாங்காது."

"தாங்காதும்மா."

"தப்பிச்சாத்தான் உண்டு."

"ஆமா."

நான் அடுத்து என்ன காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. வாத்தியார் போகும்போது, அந்த அம்மா நல்ல கேள்வி கேட்டாங்க என்றார். என் அம்மாதான் என்றேன்.

திரும்பும்போது வேனில் நாங்கள் இருவர் மட்டும். தூரத்தில் உப்புவெளியின் நடுவே கம்பெனி விளக்குகள் வரிசையாக எரிந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கம்பெனிக்காரன் செஞ்சதில்ல அது."

"இல்லம்மா. அவன் தோண்டினான், அவ்வளவுதான்."

"இந்த எரிமலைக்கெல்லாம் முன்னாடியா?"

"சூரியனுக்கே முன்னாடி."

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "ஆடு திருடு போனா, திருடன் பட்டியில நிக்குதேன்னு அது அவன் ஆடாயிடுமா?"

"ஆகாது."

"திருட்டுப் பயலுங்க" என்று சொல்லி, கண்ணாடியை இறக்கி, விளக்குகள் இருந்த திசையில் துப்பினாள். மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளை எதற்கும் அவசரப்படுத்தினால் நாற்காலியைப் போட்டுவிடுவாள்.

ஆகஸ்ட் முதல் தேதி எங்கள் ஊரில் பூமிக்குச் சோறு ஊட்டும் நாள். அன்றைக்கு அவள் வாய் திறந்திருப்பாள் என்பார்கள். அவளுக்குக் கொடுக்காமல் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பட்டிக்குப் பக்கத்தில் போன வருஷத்துக் குழியை நான்தான் மண்வெட்டியால் திறந்தேன். அந்தப் பட்டிப் பக்கம் வரமாட்டேன் என்று நிவால்டோ முதலில் அடம்பிடித்தான். அம்மா போர்வையோடு எழுப்பிக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். மிச்சமிருந்த ஆடுகள் வேலியோரம் வந்து நின்று எங்களைப் பார்த்தன. குளிரில் அவற்றின் மூச்சு புகைந்தது.

அம்மா மண்டியிட்டாள். கோகா இலைகளில் முழுசானவையாகப் பொறுக்கி எடுத்து இரண்டு கையாலும் குழியில் வைத்தாள். எங்கள் தோட்டத்துத் திராட்சை மதுவை ஊற்றினாள். பட்டாஸ்காவைக் கரண்டியால் ஊட்டினாள். ஆட்டுக்கு, தண்ணீருக்கு, எனக்கு, நிவால்டோவுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொண்டாள். பிறகு மடிக்குள் கைவிட்டு அந்த டப்பாவை எடுத்தாள்.

மொத்தத்தையும் புதைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தடுக்கக் கை எழுந்துவிட்டது. ஆனால் அம்மா ஒரே ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, இலைகளின்மேல் வைத்தாள். பச்சை இலையில் அது சின்னதாக, வெள்ளையாக இருந்தது.

"அம்மா, பூமிக்கும் மனசு சரியில்லையா?" என்றான் நிவால்டோ. பல மாதங்களுக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"உன்னைவிட மோசம். அவகிட்டேர்ந்துதானே பூராவும் உறிஞ்சிட்டானுங்க." அம்மா முழங்காலிலேயே அவன் பக்கம் திரும்பினாள். "அவளுக்கு முதல்ல கொடுத்தாச்சு. இனிமே இது நம்ம வீட்டுச் சாமான்."

இன்னொரு மாத்திரையைப் பிதுக்கினாள். அது வரப் பிடிவாதம் பிடித்தது. நான் உதவவில்லை. கடைசியில் வந்தது. பூமிக்கு வைத்ததுபோலவே இரண்டு கையாலும் நீட்டினாள். அவனும் போர்வையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். நான் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தேன். அவன் முதல் வாயைக் குழியில் சாய்த்தான். மண் அதை உடனே குடித்துவிட்டது.

பிறகு அவன் உள்ளங்கையை வாய்க்கு அருகில் கொண்டுபோய், நிறுத்தி, தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

அம்மா முகத்தைத் திருப்பவில்லை.